கலியாணம் முடிந்து மூன்றாம் மாதம்: வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் இளந்தம்பதியர் அறிய வேண்டியவை

பந்தல் பிரித்து, வாடகைக்கு எடுத்த கதிரைகளைத் திருப்பிக் கொடுத்த பின்னர், எம்மவர் வீடுகளில் தொடங்கும் பேச்சு இன்று பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. "போவதா, விடுவதா" என்று எவரும் கேட்பதில்லை. "ஆர் போறது? அவரோ, அவளோ, ரெண்டு பேருமோ?" என்பதே கேள்வி. கலியாணக் கடன் வட்டியுடன் நிற்கிறது. மீளக் கிடைத்த காணியில் கிணறு தூர்ந்து கிடக்கிறது. வேலி இல்லை, நீர் இறைக்கும் இயந்திரம் இல்லை. ஒரு போகம் மழையில் அழிந்தால் அடுத்த போகத்துக்கு விதைக்காசும் இல்லை. இந்நிலையில் ஓர் இளங்குடும்பம் விமான நிலையத்தை நோக்கிப் பார்ப்பதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை.

நாட்டின் பொருளாதாரம் வீழ்ந்த 2022 ஆம் ஆண்டில் மாத்திரம் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்கெனப் பதிவு செய்து நாட்டைவிட்டுச் சென்றனர். பதிவின்றிச் சென்றவர்கள் அத்தொகையில் இல்லை. எழுபதுகளின் பிற்பகுதியில் எண்ணெய் நாடுகளுக்குத் தொழில் தெரிந்த ஆண்கள் போனார்கள். 1983 க்குப் பின்னர் உயிருக்கு அஞ்சி ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போனார்கள். இன்று போவோரில் கணிசமானோர் கடனுக்காகப் போகின்றனர். இந்த வேறுபாட்டை மனதிற் கொள்ள வேண்டும். கடனுக்காகப் போகிறவர் எந்த நிபந்தனைக்கும் தலையாட்டுவார் என்பது முகவருக்கு நன்றாகத் தெரியும்.

போவது பிழை என்று நாம் இங்கு எழுத வரவில்லை. வெளிநாட்டு உழைப்பினால் கல்வீடு கட்டிய குடும்பங்களும், பிள்ளைகளைப் படிப்பித்த குடும்பங்களும், உழவு இயந்திரம் வாங்கிய குடும்பங்களும் எமது கிராமங்களில் உள்ளன. ஆனால் முடிவெடுக்கும் வேளையில் எவை எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதை எவரும் இளந்தம்பதியருக்கு ஒழுங்காகச் சொல்வதில்லை. மாமி சொல்வார், மச்சான் சொல்வார், முகவரின் ஆள் சொல்வார். அவர்கள் எல்லோருக்கும் அந்தப் பயணத்தில் ஒரு பங்கு இருக்கிறது.

கடனை முதலில் எழுதிப் பாருங்கள்

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். கலியாணக் கடன் இரண்டரை இலட்சம். பயணச் செலவுக்கு இன்னும் மூன்றரை இலட்சம். மொத்தம் 6 இலட்சம் ரூபாவை ஊரில் நூற்றுக்கு நாலு வட்டிக்கு எடுத்துக்கொண்டு கணவன் கட்டாருக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்டாரில் 2021 ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் எல்லா நாட்டவருக்கும் பொதுவான ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளம் 1,000 ரியால். தங்குமிடம் கொடுக்காவிட்டால் 500 ரியாலும், உணவு கொடுக்காவிட்டால் 300 ரியாலும் மேலதிகமாகக் கொடுக்க வேண்டும். தங்குமிடமும் சாப்பாடும் கிடைக்கின்றன, ரியால் ஒன்று 80 ரூபா என்று கொண்டால், கைக்கு வருவது 80,000 ரூபா.

அதில் தொலைபேசி, சவர்க்காரம், மருந்து, ஒரு தேநீர் என 15,000 ரூபா அங்கேயே போய்விடும். இங்கே மனைவிக்கும் பெற்றோருக்கும் 20,000 ரூபா. மீதி 45,000 ரூபா கடனுக்கு. முதல் மாதத்திலேயே அதில் 24,000 ரூபாவை வட்டி விழுங்கிவிடும். அதுவும் முதற் சம்பளம் வந்து சேர இரண்டு மாதம் செல்லும். அந்த இரண்டு மாத வட்டி 48,000 ரூபா முதலோடு சேர்ந்துவிடும். இப்படியே கட்டிக்கொண்டு போனால் கடன் முடிய மேலும் 22 மாதம் எடுக்கும். எல்லாமாகக் கட்டியிருப்பது ஏறக்குறைய 9 இலட்சத்து 85 ஆயிரம் ரூபா. இரண்டு ஆண்டு ஒப்பந்தம் முடியும் மாதத்தில் கடனும் முடிகிறது. மனிதர் வெறுங்கையோடு கட்டுநாயக்காவில் இறங்குகிறார். சுகவீனம் ஒன்று வராமல், சம்பளம் ஒரு மாதமும் பிந்தாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கும் சரிவரும்.

அதே 6 இலட்சத்தை நகையை வங்கியில் அடகு வைத்து, மாதம் நூற்றுக்கு ஒரு ரூபா வட்டியில் எடுத்திருந்தால், அதே 45,000 ரூபாவில் 15 மாதத்தில் கடன் முடிந்துவிடும். மொத்தம் 6 இலட்சத்து 61 ஆயிரம். ஏழு மாத உழைப்பு மிச்சம். "தாலிக்கொடியை அடகு வைக்கிறதோ?" என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். நாம் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறோம்: கொடி பெட்டிக்குள் இருக்க, நூற்றுக்கு நாலு வட்டிக்குக் கடன் எடுப்பதைவிட, கொடி வங்கிப் பெட்டகத்தில் ஓராண்டு இருப்பது எவ்வளவோ மேல். வீட்டு வாசலுக்கு வந்து வாராவாரம் தவணை பிரிக்கும் நுண்கடனைப் பயணத்துக்கென எடுப்பது எல்லாவற்றிலும் மோசமானது. பயணம் போகிறவரின் முதற் சம்பளத்துக்கு முன்னரே எட்டுத் தவணை வந்துவிடும். அந்த வாசலில் தனியே நின்று பதில் சொல்ல வேண்டியவள் புதிதாகக் கலியாணம் முடித்த பெண்.

"பொம்பிளை போனால் செலவில்லை"

எமக்குப் பழக்கமான ஒரு தம்பதியரின் கதையை இங்கு சொல்வது பயன்தரும். கணவனின் குடும்பம் 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தது. அவர் முகாமிற் பிறந்தவர். குடும்பத்துக்குரிய தோட்டக்காணியில் ஒரு பகுதிதான் மீளக் கிடைத்தது. மனைவியின் குடும்பம் வன்னியில் 2009 ஐக் கண்டது. கலியாணம் முடிந்து மூன்றாம் மாதம் இருவரும் எம்மிடம் வந்தனர்.

கணவனை அனுப்பக் காசு வேண்டும். ஆனால் மனைவி குவைத்துக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போனால் செலவில்லை என்றும், மாறாக வீட்டுக்கு முற்பணமாக ஒரு தொகை கையிலே கிடைக்கும் என்றும் முகவரின் ஆள் சொல்லியிருந்தார். அந்தத் தொகையால் கலியாணக் கடனை அடைக்கலாம் என்பது வீட்டாரின் யோசனை.

"பாதர், ரெண்டு வருசம்தானே எண்டு எல்லாரும் சொல்லுகினம்," என்றார் அந்தப் பெண். "போறதுக்கு எனக்குப் பயமில்லை. ஆனால் நான் போறது இந்த வீட்டுக் கடனுக்கோ, எங்கட வாழ்க்கைக்கோ எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

கணவன் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பின்னர், "நீர் போகவேணும் எண்டு நான் சொல்லேல்லையே," என்றார்.

"போகவேண்டாம் எண்டும் நீங்கள் சொல்லேல்லை."

இந்த உரையாடல் எத்தனையோ வீடுகளில் நடக்காமலே விடப்படுகிறது. ஆகவேதான் இங்கு எழுதுகிறோம்.

அந்த முற்பணம் என்ன என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். அது பரிசு அன்று. அங்கேயுள்ள எசமான் பணிப்பெண்ணைப் பெறுவதற்கு முகவர்களுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு துண்டே இங்கு வீட்டுக்கு வருகிறது. அதை வாங்கிய பின்னர், வேலை ஒத்துவராமல் இடையில் திரும்பினால், முகவர் அதைத் திருப்பிக் கேட்பார். கடன் அடைபடுவதில்லை; கடன்காரர் மாறுகிறார். ஊர்க் கடன்காரர் வாசலில் வந்து ஏசுவார். இந்தப் புதிய கடனோ அந்தப் பெண்ணை ஒரு வீட்டுக்குள் கட்டிப்போடும்.

வளைகுடா நாடுகளில் ஒரு வேலையாளின் விசா அவரை அழைத்த எசமானின் பொறுப்பில் இருப்பதே நெடுங்கால வழக்கம். கஃபாலா என்று அதைச் சொல்வார்கள். எசமானின் அனுமதியின்றி வீட்டை விட்டு வெளியேறினால் "தப்பியோடியவர்" என்று அவர் முறையிடலாம். அதன்பின் பொலிசும் தடுப்பு முகாமும்தான். அண்மைக் காலத்தில் சில மாற்றங்கள் வந்துள்ளன. கட்டாரில் நாட்டை விட்டு வெளியேற எசமானின் அனுமதி வேண்டும் என்ற விதி 2018 இல் பெரும்பாலானோருக்கும், 2020 இல் வீட்டுப் பணியாளருக்கும் நீக்கப்பட்டது. குவைத்தில் 2015 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட வீட்டுப் பணியாளர் சட்டம் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, நாளொன்றுக்கு 12 மணித்தியாலத்துக்கு மேற்படாத வேலை, கடவுச்சீட்டை எசமான் பறித்து வைக்கக்கூடாது என்பவற்றைச் சொல்கிறது. சவூதி அரேபியாவில் 2021 மார்ச்சில் வந்த சீர்திருத்தத்தில் வீட்டுப் பணியாளர்கள் சேர்க்கப்படவில்லை. எனவே, "மத்திய கிழக்கு" என்று ஒரே பெயரால் எல்லா நாடுகளையும் சொல்லிவிட முடியாது. எந்த நாடு, என்ன வேலை என்று கேட்க வேண்டும். சட்டம் நல்லதாயிருந்தாலும் பூட்டிய வீட்டுக்குள் அதை யார் நடைமுறைப்படுத்துவது என்பதையும் யோசிக்க வேண்டும்.

வயதையும் பெயரையும் மாற்றிப் போகச் சொல்லும் முகவரிடம் ஒரு நிமிடமும் நிற்க வேண்டாம். மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக்கை எம்மவர் மறந்திருக்க முடியாது. வறுமை காரணமாக, பிறந்த திகதி மாற்றிய கடவுச்சீட்டுடன் 2005 இல் சவூதிக்குப் போன பிள்ளை. அங்கு பராமரித்த குழந்தை இறந்தது. சம்பவத்தின்போது அவருக்கு 17 வயது என்று பிறப்புச் சான்று காட்டியது. கடவுச்சீட்டோ வேறு வயதைக் காட்டியது. 2013 யனவரி 9 ஆம் திகதி அவருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்தப் பொய்யான திகதியால் இலாபம் அடைந்தவர் எவரும் அங்கு அவரோடு நிற்கவில்லை.

சேர்ந்து போகலாமா?

இளந்தம்பதியர் பெரிதும் விரும்புவது இதைத்தான். பிரிந்திருக்க மனமில்லை, அது நியாயமானதே. ஆனால் வேலைக்குப் போகிறவரின் குடும்பத்தை வரவேற்கும் நாடுகள் சில. குறைந்த சம்பளக்காரரின் குடும்பத்தை வரவேற்கும் நாடு அரிது. ஐக்கிய அரபு இராச்சியத்தில் வேலை செய்பவர் மனைவியைத் தன் பொறுப்பில் அழைப்பதற்கு மாதம் 4,000 திர்ஹம், அல்லது தங்குமிடத்துடன் 3,000 திர்ஹம் சம்பளம் வேண்டும். கொரியாவுக்கு 2004 முதல் இரு அரசாங்கங்களின் உடன்படிக்கைப்படி ஆட்கள் போகிறார்கள். முகவர் தேவையில்லை. 18 முதல் 39 வயது வரையிலானவர்கள் கொரிய மொழிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். சம்பளம் மத்திய கிழக்கைவிடப் பன்மடங்கு. ஆனால் அந்த விசாவில் மனைவியையோ கணவனையோ அழைத்துச் செல்ல முடியாது. முதலில் மூன்று ஆண்டு; நீடித்தால் நான்கு ஆண்டு பத்து மாதம். கலியாணம் முடித்த உடனே ஐந்து ஆண்டு பிரிவு என்பது சிறிய விடயம் அன்று.

பிரித்தானியாவில் முதியோர் பராமரிப்பு வேலைக்குக் கணவன் மனைவியாகப் போகலாம் என்ற கதை சில ஆண்டுகளாக ஊரெங்கும் ஓடியது. பலர் காணி விற்றுப் பணம் கட்டினார்கள். அங்கு 2024 மார்ச் 11 முதல் அந்த வேலைக்குப் போகிறவர் துணையை அழைத்துச் செல்ல முடியாது என்று விதி வந்தது. 2025 யூலை 22 முதல் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதே நிறுத்தப்பட்டது. அந்த விசாவை எடுத்துத் தருகிறேன் என்று எவராவது உங்களிடம் பணம் கேட்டால், அவர் எந்த ஆண்டில் வாழ்கிறார் என்று கேளுங்கள்.

ஒரே வீட்டில் கணவன் சாரதியாகவும் மனைவி பணிப்பெண்ணாகவும் வேலை செய்யும் ஒழுங்கும் வளைகுடாவில் உண்டு. கேட்க நல்லதாக இருக்கும். இரண்டு ஒப்பந்தங்களும் தனித்தனியாக எழுதப்பட்டுள்ளனவா, இரண்டிலும் ஒரே எசமானின் பெயரும் முகவரியும் உள்ளனவா, இருவருக்கும் ஒரே அறை தரப்படுமா என்பவற்றைக் கையொப்பமிட முன்னரே எழுத்தில் பெற வேண்டும். இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஒருவருக்கு எசமானோடு முரண்பாடு வந்தால் இருவரின் விசாவும் ஒரே கையில் இருக்கிறது. வீட்டுக்கு வரும் வருமானம் இரண்டும் ஒரே நாளில் நின்றுவிடும். இங்கே காணியைப் பார்க்க ஆளில்லை; கடனுக்குப் பதில் சொல்லவும் ஆளில்லை. எமது கருத்து என்னவென்றால், கடனோடு இருக்கும் குடும்பத்தில் இருவரும் ஒரே நேரத்தில் புறப்படக்கூடாது.

சுற்றுலா விசாவில் இருவருமாக டுபாய்க்குப் போய் அங்கே வேலை தேடலாம் என்று புறப்பட்ட இன்னொரு சோடியும் எமது பகுதியில் உண்டு. நான்கு மாதத்தில் திரும்பினார்கள். அதைப்பற்றி விரித்து எழுதுவதற்கில்லை. சுற்றுலா விசாவில் போகிறவருக்கு ஒப்பந்தம் இல்லை, காப்புறுதி இல்லை, தூதரகத்தில் அவர் பெயரும் இல்லை. 2022 இல் ஓமானுக்கு இப்படிக் கொண்டுசெல்லப்பட்ட எமது நாட்டுப் பெண்கள் விற்கப்பட்ட செய்தி வெளிவந்து, விசாரணையும் நடந்தது. அதே ஆண்டு நவம்பரில் 300 க்கு மேற்பட்ட இலங்கையர் ஏறிய கப்பல் கடலிற் பழுதடைந்து, யப்பானியக் கப்பல் ஒன்றினால் காப்பாற்றப்பட்டு வியட்நாமில் இறக்கப்பட்டனர். அவர்களிலும் எம்மவர் பலர். அவுஸ்திரேலியாவோ 2013 முதல் படகுகளைத் திருப்பி அனுப்பியே வருகிறது.

முகவரும் பணியகமும்

1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைக்கப்பட்டது. அதன் அனுமதிப்பத்திரம் பெற்ற முகவர் மட்டுமே ஆட்களை அனுப்பலாம். ஊருக்குள் மோட்டார் சைக்கிளில் வந்து கடவுச்சீட்டு வாங்கிச் செல்லும் உபமுகவருக்கு அந்த உரிமை இல்லை. அவர் உங்கள் உறவினராக இருக்கலாம், உங்கள் பங்கைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். அனுமதிப்பத்திர இலக்கம் என்ன, எந்த நாட்டில் எந்த வேலைக்குப் பணியகம் அங்கீகாரம் கொடுத்துள்ளது என்று கேளுங்கள். பணம் கொடுத்தால் முகவர் நிலையத்தின் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பற்றுச்சீட்டு இல்லாத பணத்துக்குப் பின்னர் எந்த முறைப்பாடும் நிற்காது.

பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். முகவரிடம் போக முன் அவரிடம் போங்கள். பணியகத்தில் பதிவு செய்து போகிறவருக்குக் காப்புறுதி உண்டு. பிரச்சினை வந்தால் தூதரகத்தின் தொழிலாளர் நலப் பிரிவு அவரைத் தேடிப் பிடிக்க ஒரு விலாசமும் உண்டு. பணியகத்தின் தொலைபேசி இலக்கம் 1989. வீட்டிலிருப்பவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். அங்கிருப்பவரின் கைத்தொலைபேசி பறிக்கப்பட்டால் முறையிட வேண்டியவர் இங்கிருப்பவரே.

விவாக அத்தாட்சியும் பிள்ளையும்

கலியாணம் முடித்தும் பழைய கடவுச்சீட்டிலேயே, மணமாகாதவர் என்ற பதிவோடு போகச் சொல்வார்கள். "அலைச்சல் குறைவு" என்பார்கள். புதுமணப்பெண் போன பின்னர் தான் கருவுற்றிருப்பதை அறிந்தால் என்ன நடக்கும்? மணவுறவுக்கு வெளியே கருவுறுவது குற்றமாகக் கொள்ளப்படும் நாடுகள் வளைகுடாவில் உண்டு. தான் மணமானவள் என்று காட்ட அவளிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. ஆகவே புறப்பட முன் விவாக அத்தாட்சிப் பத்திரத்தைப் பெற்று, மொழிபெயர்த்து, வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்திக் கையோடு கொண்டு போங்கள். யாழ்ப்பாணத்திலும் அப்பிரிவுக்குப் பிராந்திய அலுவலகம் உண்டு. கோவிலில் நாம் எழுதித் தரும் விவாகப் பதிவுப் பிரதி இதற்குப் போதாது. பதிவாளரிடமிருந்து பெறும் அத்தாட்சியே செல்லும்.

புறப்பட முன் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் கர்ப்பமும் பார்க்கப்படும். பரிசோதனைக்கும் பயணத்துக்கும் இடையில் வாரங்கள் கழியும். அந்த இடைவெளியில் கருவுற்றுப் போய், அங்கு கண்டுபிடிக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்படும் பெண்ணிடம் முகவர் செலவுக் கணக்கை நீட்டுவார். புதுமணத் தம்பதியர் இதைப்பற்றித் தங்களுக்குள் வெட்கப்படாமல் பேச வேண்டும். கிராமத்துக் குடும்பநல உத்தியோகத்தரிடம் ஆலோசனை கேட்கவும் வேண்டும்.

முதற் பிள்ளை பிறந்த பின்னர் போகலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு விடயம். 2013 இல் அரசாங்கம் 5 வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மார் வீட்டுப் பணிக்குப் போவதைத் தடுத்தது. 2022 இல் அந்த வயது 2 ஆகக் குறைக்கப்பட்டது. இந்த விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. உங்கள் பயணத்தின்போது உள்ள விதியைப் பிரதேச செயலகத்தில் கேட்டறியுங்கள். விதி அனுமதிக்கிறதா என்பது வேறு, இரண்டு வயதுப் பிள்ளை தாயின் முகத்தை மறந்துவிடுமா என்பது வேறு.

காணியை யார் பார்ப்பது?

காணியை இழந்து முகாம் முகாமாக அலைந்த எமது மக்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருப்பது கவலைக்குரியது. போர் துரத்திக் காணியை விட்டோம். இப்போது நாமாகவே விட்டுப் போகும்போது அதே காணி வேறு வழியில் கைநழுவுகிறது.

உறுதிக் காணியாக இருந்தால், வேறொருவர் 10 ஆண்டுகள் தடையின்றித் தனதாக ஆண்டால் ஆட்சியுரிமை கோரலாம். போரினால் வரமுடியாதிருந்தவர்களுக்கு அக்கால எண்ணிக்கையிலிருந்து விலக்களித்து 2016 இல் ஒரு விசேட சட்டம் வந்தது. வேலைக்கென விரும்பி வெளிநாடு போனவருக்கு அந்தச் சலுகை இல்லை. வன்னிக் குடியேற்றத் திட்டங்களில் உள்ளவை பெரும்பாலும் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வந்த அனுமதிப்பத்திரக் காணிகள். அவற்றைப் பயிரிடாமல், குடியிராமல் பற்றைக்காடாக விட்டால் அனுமதிப்பத்திரம் இரத்தாகக் கூடும். விற்கவோ, நினைத்தபடி ஈடு வைக்கவோ முடியாது. கடன் கொடுத்தவரிடம் அனுமதிப்பத்திரத்தைப் பிடியாகக் கொடுத்துவிட்டுப் போவது எமது கிராமங்களில் சாதாரணமாக நடக்கிறது. அதற்குச் சட்டத்தில் இடமில்லை. பின்னுரித்தாளர் பெயர் பதியப்பட்டிருக்கிறதா என்றும் போக முன் பாருங்கள்.

நெல்வயலைக் குத்தகைக்கு விடுவோர் கவனிக்க: 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்பு வழங்குகிறது. அது நல்ல சட்டந்தான். உழுபவனை நினைத்து ஆக்கப்பட்டது. ஆனால் "மச்சான், நான் வரும்வரை பார்த்துக்கொள்" என்று வாய்ப்பேச்சில் விட்டுப்போன வயலுக்கு, நாலு ஆண்டின் பின்னர் கமநல சேவை நிலைய இடாப்பில் யாருடைய பெயர் இருக்கும் என்பதைச் சொல்ல முடியாது. யார், எந்த நிலையில், எத்தனை போகத்துக்குச் செய்கிறார் என்பதை எழுதி, இருவரும் ஒப்பமிட்டு, நிலையத்திலும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வடக்கில் தேசவழமைக்கு உட்பட்டவர்கள் இன்னொன்றை அறிந்திருக்க வேண்டும். மணமான பெண் தன் சீதனக் காணியையே கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. கணவன் கொரியாவில் இருக்க, மனைவி சுகவீனத்துக்கோ கிணறு வெட்டவோ வங்கியில் கடன் கேட்கப் போனால் அவள் கையொப்பம் தனியே செல்லாது. எனவே புறப்பட முன் நொத்தாரிசிடம் சென்று அற்றோணித் தத்துவப் பத்திரம் எழுதுங்கள். அதை மனைவியின் பெயரில் எழுதுங்கள்; அண்ணரின் பெயரிலோ தகப்பனின் பெயரிலோ அன்று. எந்தக் காணி, எந்த விடயம் என்று மட்டுப்படுத்தி எழுதுவது நல்லது. உழைத்து அனுப்பும் பணத்தில் மணவாழ்வுக் காலத்தில் வாங்கும் காணி தேடியதேட்டம் ஆகும். ஒருவர் இறந்தால், மரணசாசனம் எழுதாதவிடத்து, அவரது தேடியதேட்டத்தில் பாதி மற்றவரைச் சேரும். அதை மைத்துனர் பெயரில் உறுதி முடித்தால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். "அவன் ஊரில இருக்கிறான், லேசு" என்று முடித்த உறுதிகளால் வந்த வழக்குகள் கொஞ்சமல்ல.

அனுப்பும் பணம் யாருக்கு வருகிறது?

பணத்தை உண்டியல் மூலம் அனுப்பினால் நாலு காசு கூடக் கிடைக்கும் என்று 2021, 2022 இல் பலர் அவ்வாறே செய்தார்கள். உண்டியலில் வந்த பணத்துக்கு வங்கியில் அடையாளம் இல்லை. பின்னர் உழவு இயந்திரத்துக்கோ வீட்டுக்கோ கடன் கேட்கும்போது, "எவ்வளவு உழைத்தீர்கள்?" என்ற கேள்விக்குக் காட்ட எதுவும் இருக்காது. இரண்டு கணக்குத் திறவுங்கள். ஒன்று மனைவியின் பெயரில், மாதச் செலவுக்கும் கடனுக்கும். மற்றையது போகிறவரின் பெயரில் வெளிநாட்டு நாணயக் கணக்கு; சிறிய தொகையாயினும் அதில் விழ வேண்டும். வீட்டுப் பெரியவர்களுக்குக் கொடுக்கும் தொகையைப் புறப்பட முன்னரே சொல்லிவிடுங்கள். மாமியாரின் கணக்குக்கு முழுச் சம்பளத்தையும் அனுப்பிவிட்டு, மனைவி அவரிடம் கைநீட்டி வாங்கும் ஒழுங்கினால் எத்தனை குடும்பங்கள் கலைந்தன என்பது பங்குகளில் வேலை செய்யும் எமக்குத் தெரியும்.

நாம் முன்னர் சொன்ன தம்பதியர் மூன்று தடவை வந்து கதைத்தார்கள். மூன்றாவது தடவை மாமியாரும் வந்தார். பெண் போவதில்லை என்று முடிவாயிற்று. கொடியையும் இரண்டு காப்பையும் வங்கியில் வைத்து, ஊர் வட்டிக் கடனை முதலில் அடைத்தார்கள். கணவன் உடனே போகவில்லை. எட்டு மாதம் கழித்து, பதிவுடன் கட்டாருக்குப் போனார். அந்த எட்டு மாதத்தில் கிணற்றைத் தூர் எடுத்து ஒரு போகம் வெங்காயம் வைத்தார்கள். விலை சுமாராகவே கிடைத்தது. இப்போது மனைவியும் அவரது தம்பியும் தோட்டத்தைப் பார்க்கிறார்கள். மீதிக் கடன் இன்னும் முடியவில்லை. ஞாயிறு பின்னேரங்களில் அவர் தொலைபேசியில் முதலில் கேட்பது கிணற்று நீர்மட்டத்தைத்தான் என்று அந்தப் பெண் சற்றுக் கோபத்துடன் சொல்கிறார்.

கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம், பணியகப் பதிவு, காப்புறுதி, விவாக அத்தாட்சி, அற்றோணித் தத்துவம் ஆகியவற்றின் பிரதிகள் இரண்டு எடுத்து, ஒன்றை வீட்டிலும் மற்றையதை நம்பிக்கையான வேறோர் இடத்திலும் வைக்க வேண்டும். ஒப்பந்தம் அரபியில் மட்டும் இருந்தால் ஒப்பமிட வேண்டாம். தமிழில் வாசித்து விளங்கப்படுத்தக் கேட்பது உங்கள் உரிமை. எசமானின் பெயர், வீட்டு விலாசம், தொலைபேசி இலக்கம் மூன்றையும் வீட்டிலிருப்பவர் தன் கைப்பட எழுதி வைத்துக்கொள்ளட்டும்.